சீரியலில் 45 நிமிடம், நிஜத்தில் 22 வருடம்: மூடிய கொலை வழக்கை மீண்டும் திறப்பது எப்படி?

ஒரு பழைய அட்டைப்பெட்டி. மேலே இறந்தவரின் பெயர், வருடம். கிடங்கின் அலமாரியிலிருந்து அதை இறக்கி, தூசியைத் தட்டித் திறக்கிறார் பெண் துப்பறிவாளர். 30 வருடத்துக்கு முந்தைய கொலை. புதுசாக ஒரு சாட்சி வாய் திறக்கிறார். முக்கால் மணி நேரத்தில் கொலைகாரர் கையில் விலங்கு. கடைசிக் காட்சியில் பெட்டி மறுபடி அலமாரிக்குப் போகும். இறந்துபோனவர் தூரத்தில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு மறைவார்.

2003 முதல் 2010 வரை ஓடிய ‘கோல்ட் கேஸ்’ என்ற அமெரிக்கத் தொடரின் ஏறக்குறைய எல்லா எபிசோடும் இப்படித்தான். ஃபிலடெல்ஃபியா போலீஸில், ஆறிப்போன கொலை வழக்குகளை மட்டும் தோண்டும் ஒரு பிரிவைப் பற்றிய கதை அது.

வேப்பனப்பள்ளியில் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, லேப்டாப்பில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டிக்கு மொழி புரியாது, கதை புரிந்துவிட்டது. பெட்டியைக் காட்டிக் கேட்டார்: “ஏன் கண்ணு, போலீஸ்காரங்களே மூடிட்ட கேஸை நம்ம ஊர்ல யாராவது திறப்பாங்களா?”

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. சுருக்கமான பதில்: திறக்கலாம். ஆனால் பெட்டியை இறக்குவது பெரும்பாலும் துப்பறிவாளர் இல்லை. ஒரு அப்பாவோ அம்மாவோ அண்ணனோதான்.

விருத்தாசலத்தில் நடந்தது என்ன?

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டுமென்றால், அது கண்ணகி - முருகேசன் வழக்கு.

கடலூர் மாவட்டம், விருத்தாசலம் பக்கத்தில் புதுக்கூரைப்பேட்டை. முருகேசன் கெமிக்கல் இன்ஜினீயரிங் படித்தவர், பட்டியல் சமூகத்தைச் சேர்ந்தவர். கண்ணகி பட்டப்படிப்பு படித்தவர், வேறு சாதி. 2003 மே மாதம் இருவரும் யாருக்கும் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலை 8-ம் தேதி, இருவரையும் பிடித்துக் கொண்டுவந்து, காதிலும் மூக்கிலும் விஷம் ஊற்றிக் கொன்று, உடல்களை எரித்துவிட்டார்கள். ஊரே பார்க்க நடந்த கொலை.

இனி கவனமாகப் படியுங்கள். எஃப்.ஐ.ஆர். பதிவானது ஜூலை 17-ம் தேதி, அதாவது ஒன்பது நாள் கழித்து. அதற்குள் விஷயம் பத்திரிகைகளில் வந்துவிட்டது. போலீஸ் ஒரு கதை தயார் செய்தது. இரண்டு தரப்பும் சேர்ந்து தங்கள் தங்கள் பிள்ளையைக் கொன்றுவிட்டதாகச் சொல்லி, இரு தரப்பிலும் நான்கு நான்கு பேர் மீது குற்றப்பத்திரிகை போட்டது. முருகேசனின் அப்பாவும் அதில் ஒரு குற்றவாளி! மகனைப் பறிகொடுத்தவரே மகனைக் கொன்றவர் என்று காகிதத்தில் எழுதியாகிவிட்டது.

சீரியல் கணக்கில் பார்த்தால் ‘கேஸ் குளோஸ்டு’. ஆள் பிடித்தாகிவிட்டது, குற்றப்பத்திரிகையும் போட்டாகிவிட்டது. இதை உடைக்க உள்ளூரில் எந்தக் கதவும் இல்லை. குடும்பமும் அவர்களுடன் நின்ற வழக்கறிஞர்களும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2004-ல் வழக்கு சி.பி.ஐ. கைக்கு மாறியது. சி.பி.ஐ. விசாரித்த பிறகு படம் தலைகீழானது. கண்ணகியின் உறவினர்களோடு சேர்த்து, முதல் விசாரணை நடத்திய இன்ஸ்பெக்டரும் சப்-இன்ஸ்பெக்டருமே குற்றவாளிப் பட்டியலில் வந்தார்கள்.

அதற்குப் பிறகும் வழக்கு நகர்ந்த வேகம் இது:

- 2021 செப்டம்பர் 24: கடலூர் சிறப்பு நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. கண்ணகியின் அண்ணனுக்கு மரண தண்டனை. மற்றவர்களுக்கு ஆயுள். இரண்டு போலீஸ் அதிகாரிகளும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள்.
- 2022: சென்னை உயர் நீதிமன்றம் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. வேறு சிலரின் தண்டனையிலும் மாற்றம் செய்தது.
- 2025 ஏப்ரல் 28: குற்றவாளிகளின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. முருகேசனின் தந்தைக்கும் சிற்றன்னைக்கும் தமிழ்நாடு அரசு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது.

கொலையிலிருந்து கடைசித் தீர்ப்பு வரை கிட்டத்தட்ட 22 வருடம். இடையில் சாட்சிகள் பலர் பல்டி அடித்தார்கள். நேரில் பார்த்ததாகச் சொன்ன சிற்றன்னையின் சாட்சியத்தை உடைக்கப் பார்த்தார்கள். அது உடையவில்லை.

முதலில், ‘கேஸை மூடுவது’ என்றால் என்ன?

இதில்தான் நிறையப் பேருக்குக் குழப்பம். போலீஸ் தானாக ஒரு வழக்கை மூடிவிட முடியாது. “எங்களால் முடிந்தது இவ்வளவுதான்” என்று ஒரு இறுதி அறிக்கையை மாஜிஸ்திரேட்டிடம் கொடுக்க மட்டுமே முடியும். அதில் பல வகை உண்டு. குற்றம் நடந்தது உண்மை, ஆளைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது ஒன்று. அப்படி ஒரு குற்றமே நடக்கவில்லை என்பது இன்னொன்று.

தமிழ்நாட்டு ஸ்டேஷன் வட்டாரத்தில் ‘ஆர்.சி.எஸ். நோட்டீஸ்’ என்ற பேச்சைக் கேட்டிருப்பீர்கள். வழக்கைக் கைவிடச் சொல்லிப் போலீஸ் அறிக்கை கொடுக்கும்போது புகார்தாரருக்கு வரும் தகவல் அது. ஒரு காவலர் வீட்டு வாசலில் வந்து, “இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க” என்பார். பல வீடுகளில் என்ன காகிதம் என்றே தெரியாமல் போட்டுவிடுகிறார்கள்.

அந்தக் காகிதம் வழக்கின் முடிவு அல்ல, உங்கள் வாய்ப்பின் ஆரம்பம். 1985-ல் பகவந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: போலீஸ் அறிக்கையை ஏற்று வழக்கை முடிக்கும் முன், புகார் கொடுத்தவரை அழைத்து அவர் தரப்பை மாஜிஸ்திரேட் கேட்டாக வேண்டும்.

மீண்டும் திறக்க எத்தனை கதவுகள்?

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பிரிவு எண்கள் மாறிவிட்டன. கதவுகள் பெரும்பாலும் பழையவைதான்.

1. எதிர்ப்பு மனு: போலீஸின் இறுதி அறிக்கை தவறு என்று அதே மாஜிஸ்திரேட்டிடம் போடும் மனு. அவர் அறிக்கையை நிராகரிக்கலாம், மேலும் விசாரிக்கச் சொல்லலாம், அல்லது இருக்கும் ஆதாரமே போதும் என்று நேரடியாக வழக்கை எடுத்துக்கொள்ளலாம்.

2. மேல் விசாரணை: பழைய சட்டத்தில் 173(8), இப்போது 193(9). குற்றப்பத்திரிகை போட்ட பிறகும் புது ஆதாரம் கிடைத்தால் போலீஸ் தொடர்ந்து விசாரிக்கலாம். முந்தைய அறிக்கை அப்படியே இருக்கும், அதன் மேல் இது சேரும். நீதிமன்ற விசாரணை தொடங்கிவிட்டால், நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். 90 நாளில் முடிக்க வேண்டும். தேவைப்பட்டால் நீதிமன்றம் நீட்டிக்கலாம்.

3. மறு விசாரணை: பழைய விசாரணையை ஓரம் கட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவது. இதை மாஜிஸ்திரேட் உத்தரவிட முடியாது. உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் மட்டுமே, அதுவும் அபூர்வமாக. சி.பி.ஐ.க்கு மாற்றச் சொல்லிக் கேட்பதற்கும் போக வேண்டிய இடம் உயர் நீதிமன்றம்தான்.

4. மறு வழக்காடல்: விசாரணை முடிந்து தீர்ப்பே வந்துவிட்டது, ஆனால் வழக்கு நடந்த விதமே கேலிக்கூத்து என்றால், மேல்முறையீட்டு நீதிமன்றம் முதலிலிருந்து நடத்தச் சொல்லலாம். குஜராத் பெஸ்ட் பேக்கரி வழக்கில் எல்லோரும் விடுதலையான பிறகு, 2004-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செய்தது. வழக்கையும் மகாராஷ்டிராவுக்கு மாற்றியது.

5. புது ஆளைச் சேர்ப்பது: விசாரணையின் நடுவில் சாட்சியத்தில் இன்னொருவர் பெயர் வலுவாக வந்தால், போலீஸ் விட்டுவிட்ட அந்த ஆளை நீதிமன்றமே குற்றவாளிக் கூண்டுக்கு அழைக்கலாம். பழைய 319, இப்போது 358.

இன்னொரு முக்கியமான விஷயம்: கொலை வழக்குக்குக் காலாவதி கிடையாது. 3 வருடத்துக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்கு நம் சட்டத்தில் கால வரம்பு இல்லை. “அதெல்லாம் பழசாகிடுச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது” என்று யாராவது சொன்னால், சட்டப்படி அது தவறு.

திறக்கவே முடியாத கதவும் உண்டா?

உண்டு. ஒருவர் முறையாக விசாரிக்கப்பட்டு விடுதலையாகி, அந்தத் தீர்ப்பு மேல்முறையீடுகளையும் தாண்டி நிலைத்துவிட்டால், அதே குற்றத்துக்கு அவரை மறுபடி கூண்டில் ஏற்ற முடியாது. நடைமுறைச் சட்டத்தின் 337-ம் பிரிவு போட்ட பூட்டு அது. அப்புறம் டி.என்.ஏ.வே கிடைத்தாலும் பயனில்லை.

பிரிட்டன் இந்தப் பூட்டை லேசாகத் தளர்த்தியது. 1993-ல் லண்டனில் ஸ்டீஃபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் பேருந்து நிறுத்தத்தில் குத்திக் கொல்லப்பட்டார். 1996-ல் பெற்றோரே தனியாக நடத்திய வழக்கு தோற்றது, குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். பிறகு 2003-ல் சட்டம் மாறியது. வலுவான புது ஆதாரம் இருந்தால் விடுதலையை ரத்து செய்யலாம் என்றானது. உடையில் கிடைத்த நுண்ணிய தடயங்களை வைத்து 2012-ல் இருவருக்குத் தண்டனை கிடைத்தது. அவர்களில் ஒருவர் 1996-ல் விடுதலையானவர்.

இந்தியாவில் இது நடக்காது. அதனால்தான் முதல் விசாரணை சரியாக நடப்பது இங்கே இன்னும் முக்கியம்.

பெட்டிக்குள் எதுவும் மிஞ்சியிருக்குமா?

சீரியலில் பெட்டியைத் திறந்தால் ரத்தக்கறை படிந்த சட்டை மடிப்புக் கலையாமல் இருக்கும். நிஜத்தில்?

1992 மார்ச் 27. கோட்டயத்தில் ஒரு கான்வென்ட். விடியற்காலையில் தண்ணீர் குடிக்க எழுந்த சிஸ்டர் அபயா கிணற்றில் பிணமாகக் கிடந்தார். சமையலறையில் ஃபிரிட்ஜ் கதவு திறந்தபடி, செருப்பு சிதறியபடி. உள்ளூர் போலீஸும் கிரைம் பிராஞ்சும் தற்கொலை என்றன. அபயாவின் உடைகள், டைரி போன்றவை பிறகு அழிக்கப்பட்டுவிட்டன.

1993-ல் சி.பி.ஐ. வந்தது. 1996-ல், கொலையா தற்கொலையா என்று சொல்ல முடியவில்லை என அறிக்கை கொடுத்தது. நீதிமன்றம் ஏற்கவில்லை. அடுத்து, கொலைதான், ஆனால் யார் என்று தெரியவில்லை என்றது. அதையும் ஏற்கவில்லை. இப்படித் திருப்பித் திருப்பி அனுப்பப்பட்ட பிறகு, 2008-ல்தான் கைது நடந்தது. 2020 டிசம்பர் 23-ம் தேதி திருவனந்தபுரம் சி.பி.ஐ. நீதிமன்றம் ஒரு பாதிரியாருக்கும் ஒரு கன்னியாஸ்திரிக்கும் ஆயுள் தண்டனை விதித்தது. 28 வருடம். 2022-ல் கேரள உயர் நீதிமன்றம், மேல்முறையீடு முடியும் வரை தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கொடுத்தது. ஆக, அந்தப் பெட்டி இன்னும் அலமாரிக்குப் போகவில்லை.

பொருட்கள் அழிந்த பிறகு இந்த வழக்கைத் தாங்கிப் பிடித்தது யார் தெரியுமா? ஒரு திருடர். அன்றிரவு இடிதாங்கியின் செம்பைத் திருட கான்வென்ட்டுக்குள் ஏறியவர். அங்கே பார்த்ததை நீதிமன்றத்தில் சொன்னார். குற்றத்தைத் தானே செய்ததாக ஒப்புக்கொள்ளச் சொல்லித் தன்னை வதைத்தார்கள் என்றும் சொன்னார். கடைசி வரை வாக்குமூலத்தை மாற்றவில்லை.

புது சட்டத்தில் இந்தப் பிரச்சினைக்குக் கொஞ்சம் மருந்து இருக்கிறது. 7 வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும். சோதனை, கைப்பற்றுதல் எல்லாவற்றையும் வீடியோ எடுக்க வேண்டும். முக்கியச் சாட்சியின் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் முன்னால் பதிவு செய்யும் வழி முன்பே இருக்கிறது.

எல்லையோர ஊருக்கு இதில் என்ன தனிப் பிரச்சினை?

வேப்பனப்பள்ளியிலிருந்து ஒரு பக்கம் போனால் ஆந்திராவின் குப்பம். இன்னொரு பக்கம் கர்நாடகாவின் கோலார் மாவட்டம். கடைத்தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். காலையில் ஓசூர் போகும் கம்பெனி பஸ்ஸில் ஏறும் பையன், வார இறுதியில் பெங்களூரில் இருப்பான். ஆட்கள் எல்லையைச் சுலபமாகத் தாண்டுகிறார்கள். கேஸ் கட்டு அவ்வளவு சுலபமாகத் தாண்டுவதில்லை.

2018 நவம்பர். சூளகிரி பக்கம் சூடுகொண்டபள்ளியைச் சேர்ந்த சாதி மறுப்புத் திருமணத் தம்பதி ஓசூரிலிருந்து காணாமல் போனார்கள். வீட்டார் ஓசூரில் புகார் கொடுத்தார்கள். அதே நேரம், கர்நாடகாவின் மண்டியா மாவட்டத்தில், சிவனசமுத்திரம் பக்கம் காவிரியில் இரண்டு உடல்கள் அடுத்தடுத்து மிதந்தன. அந்த ஊர் போலீஸுக்கு அவர்கள் யாரென்று தெரியாது. இளைஞரின் டி-ஷர்ட்டில் அம்பேத்கர் படமும் ஊரின் பெயரும் இருந்தன. அதைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு மாநிலப் போலீஸும் ஒரே வழக்குக்கு வந்து சேர்ந்தார்கள்.

அன்று அவர் வேறு சட்டை போட்டிருந்தால்? ஓசூரில் ஒரு ‘காணவில்லை’ கேஸ், மண்டியாவில் ஒரு ‘அடையாளம் தெரியாத உடல்’ கேஸ். இரண்டும் தனித்தனியாகத் தூசி படிந்திருக்கலாம். பல ‘ஆறிப்போன’ வழக்குகள் இப்படித்தான் உருவாகின்றன. யாரும் வேண்டுமென்று மூடவில்லை, இரண்டு பாதிகள் சந்திக்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்காகத்தான் ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ முக்கியம். சம்பவம் எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்திருந்தாலும், நீங்கள் போகும் ஸ்டேஷன் பதிவு செய்து, உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். “அது கர்நாடகா லிமிட், அங்க போங்க” என்று திருப்பி அனுப்பச் சட்டம் இப்போது இடம் தரவில்லை.

உங்கள் வீட்டு வழக்கு என்றால் என்ன செய்யலாம்?

- எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ அது உரிமை. வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.
- ஸ்டேஷனில் பதிவு செய்ய மறுத்தால், புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் நகரவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.
- விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ போலீஸ் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் எழுதிக் கேளுங்கள்.
- வழக்கைக் கைவிடும் நோட்டீஸ் வந்தால், படித்துப் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம். கையெழுத்துப் போட்டாலும் தேதியைக் குறியுங்கள். எதிர்ப்பு இருக்கிறது என்பதை எழுதிவிட்டு, வழக்கறிஞரைப் பாருங்கள்.
- பணம் இல்லையா? மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு கிடையாது. உதவி எண் 15100.
- தீர்ப்பில் குற்றவாளி விடுதலையானால் அரசு மட்டும்தான் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்பதில்லை. 2009-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பாதிக்கப்பட்டவரும் செய்யலாம்.

திறந்தால் உண்மை வந்துவிடுமா?

எப்போதும் இல்லை. 2012 மார்ச்சில் திருச்சியில் ராமஜெயம் கொலை செய்யப்பட்டார். கே.என்.நேருவின் தம்பி. அரசியல் செல்வாக்கு இல்லாத குடும்பம் என்று யாரும் சொல்ல முடியாது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது, பிறகு சி.பி.ஐ. விசாரித்தது, 2022-ல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி சிறப்புப் புலனாய்வுக் குழுவும் வந்தது. பெட்டி மூன்று முறை கை மாறியும் விடை சுலபமாக வரவில்லை.

இன்னும் பின்னால் போனால், 1944 நவம்பரில் சென்னையில் நடந்த லட்சுமிகாந்தன் கொலை. எம்.கே.தியாகராஜ பாகவதருக்கும் என்.எஸ்.கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், உயர் நீதிமன்றம் வழக்கை மறுபடி கேட்டு, 1947-ல் இருவரையும் விடுவித்தது. வழக்கைத் திறந்ததில் இரண்டு கலைஞர்களுக்கு விடுதலை கிடைத்தது. லட்சுமிகாந்தனைக் குத்தியது யார் என்பது இன்று வரை தெரியாது. வழக்கைத் திறப்பது குற்றவாளியைப் பிடிக்க மட்டும் இல்லை, குற்றம் செய்யாதவரை வெளியே கொண்டுவரவும்தான். முருகேசனின் அப்பாவுக்கும் அப்படித்தான் வெளியே வர வழி கிடைத்தது.

பாட்டிக்கு இவ்வளவையும் சொல்லி முடித்தபோது, அவர் கேட்டது ஒன்றுதான்: “22 வருஷம் அந்த மனுஷன் கோர்ட்டுக்கு அலைஞ்சாரா?”

ஆமாம் பாட்டி, அலைந்தார். சீரியலில் அந்தப் பகுதியைக் காட்ட மாட்டார்கள்.